அரங்கத்தின் நெற்றியில் இருக்கும் தலைவர் பெயரை எடுக்கலாமா? முடிவெடுக்கும் முறை

"அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டும்" என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னால், அடுத்த நிமிடமே பேச்சு அந்தத் தலைவர் நல்லவரா கெட்டவரா என்பதற்குத் தாவிவிடும். அங்கே தொடங்கினால் விடிய விடியப் பேசலாம், முடிவு மட்டும் வராது. ஆளை ஓரமாக வைத்துவிட்டு முதலில் தாள்களைத் தேடுங்கள்.

பெயர் எந்தத் தாளில் பிறந்தது?

கட்டடத்தின் பெயருக்கு மூலம் ஒரு சட்டமாக இருக்கலாம். அரசாணை, உள்ளாட்சி மன்றத் தீர்மானம், சங்க விதி, நன்கொடை ஒப்பந்தம் என்று வேறு வழிகளிலும் பெயர் வந்திருக்கலாம். சில இடங்களில் எந்தத் தாளும் இருக்காது, ஒரு திறப்பு விழாவுக்கு மாட்டிய பலகையே பெயராக நிலைத்திருக்கும். அரசு நிறுவனமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். "இந்தப் பெயர் வைத்தது சரியா?" என்று கேட்டால் மனு வீணாகிவிடும், ஏனென்றால் அந்தச் சட்டம் ஆவணத்தைத்தான் தரும், அபிப்பிராயத்தைத் தராது. பெயர் சூட்டிய ஆணையின் நகல், அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, நன்கொடை ஒப்பந்தம் இருந்தால் அதன் நகல் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

தாள் ஏன் முக்கியம் என்பதற்கு வாஷிங்டனின் கென்னடி கலை மையம் நல்ல பாடம். 1958இல் தேசியப் பண்பாட்டு மையமாகத் தொடங்கிய திட்டம் அது. கென்னடி கொல்லப்பட்ட பிறகு, 1964 ஜனவரியில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அவர் பெயரை வைத்தது. அரங்கம் 1971இல் திறந்தது. 2025 டிசம்பரில் அறங்காவலர் குழு வாக்கெடுத்து, கென்னடிக்கு முன்னால் டிரம்ப் பெயரைச் சேர்த்தது. அப்போது பதவியில் இருந்த அதிபரும் அந்தக் குழுவின் தலைவரும் டிரம்ப்தான். 1983 டிசம்பருக்குப் பிறகு அதன் பொது இடங்களில் புதிய நினைவுச் சின்னம் எதுவும் வைக்கக் கூடாது என்று அதே சட்டத்தில் பின்னர் சேர்த்த பிரிவு சொல்கிறது. ஆகவே அங்கே "கென்னடி பெயரை எடுக்கலாமா", "டிரம்ப் பெயரை எடுக்கலாமா" என்பவை ஒரே தராசில் நிற்கும் கேள்விகள் அல்ல. முன்னதற்குச் சட்டத்தையே திருத்த வேண்டும். பின்னது, குழு ஒட்டியதைக் கழற்றிப் பழைய நிலைக்குத் திரும்புவது. அதற்கு "வரலாற்றை அழிப்பது" என்ற பெரிய சொல் பொருந்தாது.

பெயருக்கு உரியவர் உயிரோடு, பதவியோடு இருந்தபோது, அவரால் அமர்த்தப்பட்டவர்களே கைதூக்கி வைத்த பெயரானால், அதைக் காக்கச் சொல்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, எதிர்க்கட்சியும் சேர்ந்து ஆதரித்து வைத்த பெயரானால், எடுக்கச் சொல்பவர் மீது அந்தச் சுமை விழும்.

இடத்துக்கும் ஆளுக்கும் என்ன உறவு?

தில்லி தீன் மூர்த்தி மாளிகையைப் பாருங்கள். 1930இல் படைத் தலைமைத் தளபதிக்காகக் கட்டப்பட்ட வீடு. நேரு பிரதமராக இருந்தபோது குடியிருந்ததும் 1964 மே 27இல் இறந்ததும் அங்கேதான். அதே ஆண்டு நவம்பரில் அது நேரு நினைவு அருங்காட்சியகம் ஆனது, பிறகு நூலகமும் வளர்ந்தது. 2022 ஏப்ரலில் எல்லாப் பிரதமர்களுக்குமான புதிய அருங்காட்சியகம் அந்த வளாகத்தில் திறக்கப்பட்டது. 2023 ஜூனில் அதை நடத்தும் சங்கம் சிறப்புக் கூட்டம் கூட்டி நேரு பெயரை எடுக்க முடிவு செய்தது. ஆகஸ்ட் 14 முதல் அது பிரதமர்கள் அருங்காட்சியகம் மற்றும் நூலகம்.

இது நியாயமா? வளாகத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். அருங்காட்சியகத்தில் பொருள் மாறிவிட்டது. எல்லாப் பிரதமர்களையும் பற்றிய கூடத்துக்கு ஒருவர் பெயர் ஒட்டாது என்ற வாதத்தில் வலு உண்டு. நூலகத்தின் கதை வேறு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வாளர்களின் அடிக்குறிப்புகளில் வாழ்ந்த பெயர் அது, நூலகமோ நூலகமாகவேதான் தொடர்கிறது. அருங்காட்சியகத்துக்குப் பொதுப்பெயரும் நூலகத்துக்குப் பழைய பெயரும் விட்டிருந்தால் தகராறுக்கே இடமில்லை. உங்கள் ஊர் வளாகத்திலும் கூடம், நூலகம், பூங்கா என்று பல பகுதிகள் இருந்தால், ஒரே தீர்மானத்தில் எல்லாவற்றையும் அள்ளாதீர்கள்.

தீர்மானத்தில் பெயரை வெற்றிடமாக விடுங்கள்

"______ பெயர் நீக்கப்படுகிறது, காரணம்: ..." என்று வரைவு எழுதுங்கள். அந்த வெற்றிடத்தில் உங்களுக்குப் பிடித்த தலைவர் பெயரை நிரப்பிப் படியுங்கள். காரணம் அப்போதும் நின்றால் அது விதி, நிற்காவிட்டால் வெறும் கோபம். தமிழ்நாட்டில் 1997இல் சாதிக் கலவரங்களை அடுத்து, மாவட்டங்களுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டியிருந்த தலைவர் பெயர்களை அரசு மொத்தமாக எடுத்தது. காமராசர் மாவட்டம் விருதுநகர் ஆனது, வ.உ.சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனது. அந்த இருவர் மீதும் யாரும் குற்றம் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரே விதி என்பதால்தான் அது தாங்கியது.

எடுத்த இடத்தில் என்ன வரப்போகிறது என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். காலியான நெற்றியில் மறுவாரமே ஆளுங்கட்சித் தலைவர் பெயர் ஏறினால், அதற்குப் பெயர் நீக்கம் அல்ல, இடப்பிடிப்பு. ஊர்ப்பெயரோ, அங்கே நடக்கும் பணியைச் சொல்லும் பெயரோ வைப்பதுதான் பாதுகாப்பு.

முடிவு செய்த பிறகு

ஆட்சேபனைக்கு 30 நாளாவது விடுங்கள். நன்கொடையாளர் ஒப்பந்தம் இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டாமல் ஓர் எழுத்தையும் தொடாதீர்கள், பணத்தைத் திருப்பிக் கேட்கும் பிரிவு அதில் இருக்கலாம்.

கழற்றும் வேலையில்தான் அவசரம் அதிகம் கெடுக்கும். உலோக எழுத்துகள் பெரும்பாலும் பின்பக்கக் கம்பிகளால் கல்லில் ஒட்டப்பட்டிருக்கும். கடப்பாரை போட்டு நெம்பினால் கல் சில்லுச் சில்லாகப் பெயரும். எழுத்துக்கும் கல்லுக்கும் இடையே மெல்லிய ரம்பத்தைச் செலுத்திக் கம்பியை அறுத்து, துளைகளைக் கல் நிறக் கலவையால் அடைக்க வேண்டும். இவ்வளவும் செய்த பின்னும் பழைய பெயர் நிழல் மாதிரித் தெரியும். எழுத்துக்கு அடியில் இருந்த கல் வெயிலும் புகையும் படாமல் வெளுப்பாக இருப்பதே காரணம். அந்த இடத்தை மட்டும் தேய்த்தால் நிழல் இன்னும் எடுப்பாகும். முகப்புப் பட்டை முழுவதையும் சேர்த்துக் கழுவ வேண்டும். கழற்றிய எழுத்துகளைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாமல், படம் எடுத்து, எண் போட்டுச் சேமிப்பில் வையுங்கள்.

திறப்பு விழாக் கல்வெட்டை மட்டும் விட்டுவிடுங்கள். யார், எந்த நாளில் திறந்தார் என்பது மரியாதை அல்ல, பதிவு.

நூலகப் பட்டியலிலும் இணையதளத்திலும் பழைய பெயரைத் தேடினாலும் புதிய பக்கம் வரும்படி இணைப்பு வையுங்கள். பேருந்து நடத்துநரின் வாயில் பழைய பெயர் எப்படியும் இன்னும் பல காலம் இருக்கும். 2019இல் ரயில் நிலையத்தின் பெயரோடு எம்.ஜி.ஆர். பெயர் சேர்த்த பிறகும் சென்னையில் யாரிடம் கேட்டாலும் அது இன்னும் "சென்ட்ரல்"தான்.