ரேடான்: கருமணல் ஊர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி, சின்னவிளை பக்கம் கதிர்வீச்சு என்று பேச்செடுத்தால் எல்லார் கண்ணும் கடற்கரைக் கருமணல் மேல்தான் போகும். அதில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, மோனசைட்டில் தோரியமும் யுரேனியமும் இருக்கின்றன, சரி. ஆனால் யுரேனியம் அழியும்போது வரும் ரேடான் ஒரு கதிரியக்க வாயு. திறந்த வெளியில் காற்றோடு கலைந்து போகும். அடைத்த அறைக்குள்தான் சேரும். மணலுக்குப் பயந்து வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொள்வதில் லாபம் ஒன்றுமில்லை.

பழைய ஓட்டு வீடுகளில் ஓட்டிடுக்கு வழியாகவே காற்று போய்வரும். இப்போது கான்கிரீட் வீடு, ஏசி, ராத்திரி முழுக்கச் சாத்திய ஜன்னல். மண்ணிலிருந்து கிளம்பும் ரேடான் தரை வெடிப்பு, குழாய் இறங்கும் ஓட்டை, சுவரும் தரையும் சேரும் இடுக்கு வழியாக உள்ளே ஏறும். ஆனி ஆடியிலும் ஐப்பசியிலும் மழை பிடித்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம், வீடே நாள்கணக்கில் அடைந்து கிடக்கும். மழை விட்டதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். வெடிப்பைப் பூசுவதும் நல்லதுதான்; அது மட்டும் போதாது.

கருமணலை அள்ளித் தரை நிரப்புவதும் சுவர் பூசுவதும் வேண்டவே வேண்டாம். உப்பு மணல் பூச்சைப் பொரிய வைக்கும் என்று எந்தக் கொத்தனாரும் சொல்வார். அதைவிடப் பெரிய சங்கதி, தோரியத்திலிருந்து வரும் தோரான். ரேடானின் இன்னொரு வகை அது. ரேடானில் பாதி அழிய 3.8 நாள் ஆகும். தோரானுக்கு 55 வினாடிதான். ‘அவ்வளவு சீக்கிரம் போய்விடுமே’ என்று விட்டுவிடாதீர்கள். அழிந்த இடத்தில் கதிரியக்க ஈயம் உருவாகி, தூசியில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மிதக்கும். அதைத்தான் மூச்சோடு இழுக்கிறோம்.

கதிர்வீச்சைக் காட்டும் கைகர் கருவியைச் சுவரில் வைத்துப் பார்த்து முடிவு கட்டுவது அடுத்த தவறு. அறைக்காற்றில் எவ்வளவு ரேடான் என்று அது சொல்லாது. அதற்கான உணர்பட்டையைப் படுக்கையறையில் குறைந்தது 3 மாதம் வைத்து அளக்க வேண்டும். தோரானுக்குத் தனி ஏற்பாடு தேவை. காற்றில் கன மீட்டருக்கு 100 பெக்கரலுக்குள் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருக்கட்டும், முடியாவிட்டால் 300-ஐத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பீடியை விடாமல் ரேடானைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களை என்ன சொல்ல? புகைக்கிறவருக்கு ரேடானால் வரும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, புகைக்காதவரைப்போல் 25 மடங்கு என்பதும் அதே நிறுவனத்தின் மதிப்பீடு. அப்புறம், தலைவலிக்கும் தோல் அரிப்புக்கும் ரேடானைக் குற்றம் சொல்ல வேண்டாம். அது தாக்குவது நுரையீரலை, அதுவும் பல வருடம் கழித்து. மூன்று வாரம் தாண்டியும் இருமல் விடவில்லையா, சளியில் ரத்தமா? வீட்டை அளப்பது இருக்கட்டும், முதலில் டாக்டரைப் பாருங்கள்.