ஐப்பசியில் மீசப்புலிமலை: பைக்குள்ளே ஒரு பை

போடிமெட்டு வழியாக மூணாறு பக்கம் மலையேறப் போகும் நம் ஆட்கள் குளிருக்கு மட்டும்தான் தயாராகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆளை வாட்டுவது மழை. காலையில் வானம் பளிச்சென்று இருக்கும், மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். மீசப்புலிமலை 2,640 மீட்டர். உச்சிப் பக்கம் பெரும்பாலும் புல்வெளி, ஒதுங்க இடமில்லை. மின்னலுக்கு அது மோசமான இடம். அதனால் வழிகாட்டி விடியற்காலையிலேயே எழுப்பினால் முணுமுணுக்காமல் கிளம்புங்கள்.

முதுகுப்பைக்கு மேலே மாட்டும் மழை உறையை மட்டும் நம்பாதீர்கள். முதுகு ஒட்டும் பக்கமாகத் தண்ணீர் இறங்கிவிடும். தடித்த பிளாஸ்டிக் பையை உள்ளே விரித்து, இரவு உடையையும் ஸ்வெட்டரையும் அதில் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். (பையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.) ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் அங்கே காயாது.

அப்புறம் அட்டை. சோலைக்காட்டைத் தாண்டும்போது பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். கடித்தால் பிய்த்து இழுக்காமல், வாய்ப் பக்கம் நகத்தைக் கொடுத்து மெல்ல நெம்பினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் கொஞ்ச நேரம் கசியும். கழுவி, துணி வைத்து அழுத்தினால் சரியாகிவிடும்.