வெறும் ஹெக்சேனே ஒளிர்ந்தால்

பாம்பன் பக்கத்துக் குந்துகால் படகுத்துறைத் தண்ணீரிலும் குருசடைத் தீவுப் பக்கத்துத் தண்ணீரிலும் ஒரே அளவு எண்ணெய் இருப்பதாகக் கருவி காட்டியது. கூட வந்த படகுக்காரரிடம் சொன்னேன். “தீவுப் பக்கமா? சும்மா இருங்க தம்பி” என்று சிரித்தார். அவர் சொன்னதுதான் சரி. தப்பு என் கரைப்பானில் இருந்தது.

கடல்நீரில் கரைந்த எண்ணெயை அளக்க, நீரை ஹெக்சேன் என்ற கரைப்பானோடு பிரிபுனலில் (அடியில் குழாய் வைத்த கண்ணாடிப் புனல்) குலுக்குவோம். எண்ணெய் ஹெக்சேனுக்குள் போய்விடும். மேலே நிற்கும் ஹெக்சேனை 310 நானோமீட்டர் ஒளியால் தூண்டி, 360இல் வரும் ஒளிர்வை, தெரிந்த அளவு கிரைசீன் என்ற ஒளிரும் பொருள் தரும் ஒளிர்வோடு ஒப்பிடுவோம். தேடுவது லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவு என்பதால், ஹெக்சேனில் துளி அழுக்கு இருந்தாலும் அது எண்ணெய்க் கணக்கில் ஏறிவிடும்.

முதலில், புது பாட்டிலிலிருந்து நேராகக் குவார்ட்ஸ் குவெட்டில் (கருவிக்குள் வைக்கும் சின்னச் சதுரக் குப்பி) ஊற்றி, ஹெக்சேனை மட்டும் முழு நிறமாலையாக ஓட்டுங்கள். 360இல் ஒற்றை எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. 340 பக்கம் ஒரு சின்ன மேடு தெரியும். பயப்பட வேண்டாம், அது அழுக்கல்ல, ஹெக்சேனின் ராமன் சிதறல்: மூலக்கூறில் பட்ட ஒளி அலைநீளம் மாறிச் சிதறுவது. நம்ம சர் சி.வி.ராமன் 1928இல் கண்டாரே, அதேதான். சந்தேகம் இருந்தால் தூண்டும் ஒளியை 300க்கு மாற்றுங்கள். ராமன் மேடு கூடவே நகர்ந்து 329 பக்கம் போய்விடும். அழுக்கின் ஒளிர்வு இருந்த இடத்திலேயே நிற்கும். இந்த ஒரு சோதனை என் பல நாள் குழப்பத்தைத் தீர்த்தது.

அப்படியும் சுத்தமாகத் தெரிந்தால், 100 மி.லி. ஹெக்சேனை 1 மி.லி.க்கு வற்ற வைத்துப் பாருங்கள். எளிதில் ஆவியாகாத அழுக்கு நூறு மடங்கு செறிந்து காட்டிக்கொடுக்கும். ஹெக்சேன் 69 டிகிரியில் கொதிக்கும், சட்டென்று தீப்பிடிக்கும். அதனால் ஆவியை வெளியே இழுக்கும் புகைபோக்கிப் பெட்டிக்குள், ரோட்டரி எவாப்பரேட்டரில்தான் (அழுத்தத்தைக் குறைத்துச் சுழற்றி வற்ற வைக்கும் கருவி) செய்ய வேண்டும்.

என் பாட்டில் இதில் எல்லாம் தேறிவிட்டது! பிளாங்க்கை, அதாவது மாதிரி இல்லாமல் வெறும் ஹெக்சேன் காட்டும் எண்ணை, கழித்தும் தீவுத் தண்ணீரின் எண் இறங்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது: பிளாங்க்கைப் பாட்டிலிலிருந்து நேரே ஊற்றினேன்; மாதிரிகளுக்கு மட்டும், பிரிபுனலைக் கழுவ பிளாஸ்டிக் வாஷ் பாட்டிலில் வைத்திருந்த ஹெக்சேனைப் பீய்ச்சினேன். வாரக்கணக்கில் அதில் கிடந்த ஹெக்சேன் பிளாஸ்டிக்கில் கலந்திருந்த பொருள்களை இழுத்து வைத்திருந்தது.

ஆகவே பிளாங்க்கும் மாதிரி போகும் வழியெல்லாம் போக வேண்டும்: அதே புனல், அதே கழுவல், அதே அளவு ஹெக்சேன். எண் ஏறினால் ஒவ்வொரு படியாக நிறுத்தி அளந்து, எங்கே ஏறுகிறது என்று பிடியுங்கள். வழக்கமான குற்றவாளிகள்: புனல் குழாயில் தடவிய கிரீஸ், ரப்பர் மூடி, துணி சோப்பில் கழுவிய கண்ணாடி (வெளுப்பாகக் காட்டும் சாயமே ஒளிரும்), கையில் பூசிய கிரீம். சாதாரணக் கண்ணாடிச் சாமான்களை மஃபிள் உலையில் 450 டிகிரியில் நாலு மணி நேரம் வைத்தால் தீர்ந்தது. அளவுக் குடுவையையும் குவெட்டையும் உலையில் வைக்காதீர்கள். ஹெக்சேனில் அலசினால் போதும். குவெட்டின் நாலு பக்கமும் ஒளி போகும் பக்கம், அதனால் மேல் விளிம்பில்தான் பிடிக்க வேண்டும்.

படகில் இன்னொரு கதை. எஞ்சினைத் தொட்ட கையால் மாதிரி பாட்டிலைத் தொடக்கூடாது. கச்சான் காற்று அடித்தால் புகை எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் நின்று எடுங்கள். சுத்தமான நீர் நிரப்பிய கண்ணாடி பாட்டில் ஒன்றையும் கொண்டுபோய், படகில் திறந்து மூடிக் கொண்டுவாருங்கள். அதன் எண் பிளாங்க்கைத் தாண்டி எவ்வளவு ஏறுகிறதோ, அதுவே படகு சேர்த்த அழுக்கு.

வாஷ் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தண்ணீர் எடுக்கப் போனோம். தீவுத் தண்ணீர் பிளாங்க் அளவுக்கே இறங்கியது, படகுத்துறை தனியே நின்றது. படகு வாடகையை இரண்டாம் முறையும் கொடுத்தேன்.