ஃபெலோஷிப் பட்டியலில் முதல் இடத்தை பயத்துக்குக் கொடுக்காதீர்கள்

ஜூன் மாதம் வந்தால் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஜூனியர் யாராவது எனக்கு வாட்ஸ்அப்பில் கேட்பார்: "அண்ணே, இங்க அமெரிக்காவுல ரெசிடென்சி ரெண்டாம் வருஷம் முடியப்போகுது. ஃபெலோஷிப்புக்கு என்ன பண்ணணும்?" ரெசிடென்சி என்பது நம் எம்.டி. போன்ற பயிற்சி; அதற்கு மேல் ஒரே துறையில் எடுக்கும் சிறப்புப் பயிற்சிதான் ஃபெலோஷிப். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதுகிறேன்.

ஊரில் எம்.டி.க்கு மேற்பட்ட டி.எம். இடம் என்றால் நீட் எஸ்.எஸ். நுழைவுத் தேர்வு, ரேங்க், கவுன்சிலிங். உங்கள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் அப்படியில்லை. விண்ணப்பத்தைப் படித்து, பேசிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) பிரிவுகளுக்கு ஜூலையில் ஈராஸ் என்ற இணைய விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பம், இலையுதிர்காலம் முழுக்க நேர்காணல், நவம்பரில் இரு தரப்பும் தங்கள் விருப்பப் பட்டியலைக் கொடுப்பது, டிசம்பர் தொடக்கத்தில் அந்தப் பட்டியல்களைக் கணினி பொருத்திப் பார்த்த 'மேட்ச்' முடிவு, அடுத்த ஜூலையில் வேலை.

எல்லாத் துறைக்கும் ஒரே மவுசு கிடையாது. கார்டியாலஜி (இதயம்), காஸ்ட்ரோ (வயிறு, குடல்) என்றால் நீங்கள்தான் அவர்கள் பின்னால் ஓட வேண்டும். என் துறையான நெஃப்ராலஜியிலும் (சிறுநீரகம்) தொற்றுநோய்ப் பிரிவிலும் பல வருடம் இடங்கள் நிரம்பாமல் கிடந்ததால் அவர்கள் உங்களைத் தேடுவார்கள். தேடுகிறார்கள் என்பதற்காக அசட்டையாகப் போகாதீர்கள்.

சிபாரிசுக் கடிதத்தைப் பெரிய பெயருக்காக வாங்காதீர்கள், உங்களை வேலையில் பார்த்தவரிடம் வாங்குங்கள். எனக்கு எழுதியவர் ஒரே ஓர் இரவைத்தான் விவரித்திருந்தார்: ரத்தத்தில் பொட்டாசியம் உயிருக்கே ஆபத்தாக 7-ஐத் தாண்டிய நோயாளி, மணி 2, நான் என்னென்ன வரிசையில் செய்தேன் என்று. பிறகு நேர்காணலில் எல்லோரும் கேட்டது அந்த இரவைப் பற்றித்தான். "ஏன் நெஃப்ராலஜி?" என்றபோது டயாலிசிஸுக்காக வாரம் மூன்று நாள் திருத்துறைப்பூண்டியிலிருந்து விடிகாலை பஸ் பிடித்த என் பெரியப்பாவைச் சொன்னேன். அதற்கு மேல் பேச்சு எதுவும் தேவைப்படவில்லை.

சரி, விருப்பப் பட்டியல். நான் சறுக்கிய இடம் இதுதான். நேர்காணலுக்குப் போன ஓர் ஆஸ்பத்திரியின் ஃபெலோஷிப் ப்ரோகிராமிலிருந்து போன் வந்தது: "எங்களை முதலில் போடுவீர்களா?" இப்படிக் கேட்பதே மேட்ச் விதிக்கு விரோதம் என்று அன்று எனக்குத் தெரியாது. பயந்துபோய் அவர்களை முதலில் போட்டு, மனசுக்குப் பிடித்த இடத்தை இரண்டாவதாகத் தள்ளினேன். முதலில் போட்ட அந்த இடமே கிடைத்தது. மோசமான இடம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிறுநீரக மாற்று நோயாளிகளை அங்கே அதிகம் பார்க்க முடியவில்லை, நான் ஆசைப்பட்டதோ அதற்குத்தான்.

கணினி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் பயந்திருக்க மாட்டேன். அது உங்கள் முதல் விருப்பத்தை முதலில் கேட்கும். அங்கே உங்களைவிட மேலானவர்களால் இடம் நிரம்பினால் இரண்டாவதற்குப் போகும். அந்த இரண்டாவது இடம், உங்களுக்கு முன்பே வேறு யாரையாவது தற்காலிகமாகப் பிடித்து வைத்திருந்தாலும், அவரைவிட உங்களை மேலாகப் போட்டிருந்தால் அவரை விட்டுவிட்டு உங்களை எடுக்கும். ஆக, பெரிய இடத்தை முதலில் கேட்டதால் அடுத்த இடத்தில் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இந்த முறையைச் செப்பனிட்ட ஆல்வின் ராத்துக்கும், இதன் அடிப்படைக் கணக்கைப் போட்ட லாயிட் ஷாப்லிக்கும் 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

மேட்ச்சே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காஸ்ட்ரோ துறையே சாட்சி. 1990-களின் பிற்பகுதியில் அங்கே மேட்ச் குலைந்தது. ஒருவர் முன்கூட்டியே ஆள் பிடித்தால் அடுத்தவர் அதற்கும் முன்னால் பிடித்தார். சீக்கிரம் பதில் சொல் என்று நெருக்கியதில், மற்ற இடங்களைப் பார்க்காமலே டாக்டர்கள் ஒத்துக்கொண்டார்கள். முறை வருமுன் மேல்மடைக்காரர் ஷட்டரைத் தூக்கினால் கடைமடையில் என்ன மிஞ்சும் என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2006-ல் காஸ்ட்ரோ மறுபடி மேட்ச்சுக்குள் வந்தது.

அப்புறம், போக விருப்பமே இல்லாத இடத்தைப் பட்டியலில் எழுதாதீர்கள். அங்கே மேட்ச் ஆகிவிட்டால் அது உங்களைக் கட்டுப்படுத்தும்.

பயிற்சிக்காக வந்த டாக்டர்களுக்குத் தரும் ஜே-1 விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. புதிய பிரிவுக்காக இந்தத் துறையில் பயிற்சி பெற்றவர்கள் நாட்டுக்குத் தேவை என்று சொல்லும் இந்திய சுகாதார அமைச்சகத்தின் தேவைக் கடிதம் வாங்க வேண்டும். டிசம்பரில் முடிவு வந்த வாரமே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். பொங்கல் கழியட்டும் என்று இருந்து, மே மாதம் முழுக்க நான் தூங்கவில்லை.