பேட்டரி லோடர் செய்ய எடையிலிருந்து தொடங்குங்கள்

தோட்டத்து மண்ணும் ஒற்றையடிப் பாதைக்கான சரளையும் அள்ளிப் போட ஒரு சின்ன லோடர் செய்ய நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை வாட் மோட்டார் போடலாம்?" என்றுதான். அது அப்புறம். முதலில் எடைக் கணக்கைப் போடுங்கள்.

லோடர் என்பது முன் அச்சைத் தாங்கு புள்ளியாகக் கொண்ட தராசு. என் வண்டி பின்னால் நடந்தபடி ஓட்டுவது; எடை 240 கிலோ. பேட்டரியைப் பின்கோடியில் வைத்திருப்பதால் எடைமையம் முன் அச்சுக்கு 40 செ.மீ. பின்னால் விழுகிறது. தூக்கும் கைகள் அதிகம் நீளும் நிலையில், பக்கெட் மண்ணின் மையம் அச்சுக்கு 60 செ.மீ. முன்னால் இருக்கும். 240 × 40 ÷ 60 = 160. அதாவது 160 கிலோவில் பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும். அதில் பாதியை, 80 கிலோவை மட்டுமே வேலைச் சுமையாக வையுங்கள். ஈர மண் லிட்டருக்குச் சுமார் 1.6 கிலோ. ஆகவே பக்கெட் 50 லிட்டர் போதும். பெரிதாகச் செய்தால் அவசரத்தில் நிரப்பத்தான் தோன்றும்.

இப்போது மோட்டார். சுமையோடு 320 கிலோ, 100 மீட்டருக்கு 20 மீட்டர் ஏறும் சரிவு, இளகிய மண், நொடிக்கு 1 மீட்டர் வேகம்: சக்கரத்தில் சுமார் 930 வாட் வேண்டும். கியர், மோட்டார் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 1,300 வாட்டைத் தாண்டும். ஒரு பக்கச் சக்கரங்களை முன்னும் மறு பக்கத்தைப் பின்னும் ஓட்டி நின்ற இடத்திலேயே திரும்பும்போது டயர் மண்ணைத் தேய்த்துக்கொண்டு நகர்வதால் கரண்ட் இன்னும் எகிறும். அதனால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 1 கிலோவாட் மோட்டார். முன்பின் சக்கர இடைவெளி, இடவல இடைவெளியைவிடக் குறைவாக இருந்தால் சுலபமாகத் திரும்பும். கரண்ட் போனால் தானாகப் பிடிக்கும் பிரேக் மோட்டாரிலேயே இருக்க வேண்டும். சரிவில் இதற்கு மாற்று கிடையாது.

பேட்டரிக்கு 16 லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள், வரிசையில் 51.2 வோல்ட், செல்களைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட்டோடு. பியூஸ் பேட்டரி முனைக்கு ஒட்டியே இருக்கட்டும். பியூஸ், கான்டாக்டர் (பெரிய கரண்டை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த ஸ்விட்ச்), அவசர ஸ்விட்ச் எல்லாம் அந்த டி.சி. வோல்டேஜுக்கு ஏற்றவையாக வாங்குங்கள். ஏ.சி. ஸ்விட்சில் டி.சி.யைத் துண்டித்தால் பொறி அணையாமல் நீண்டு முனைகளை உருக்கிவிடும்.

தூக்கும் கைகளை இயக்க நான் ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தின் பக்கம்தான். பக்கெட் வேரில் இடித்தால் அழுத்தம் மிகுந்தால் திறக்கும் ரிலீஃப் வால்வு அந்த இடியை வாங்கிக்கொள்ளும். மோட்டார் திருகைச் சுழற்றித் தள்ளும் ஸ்குரூ ஆக்சுவேட்டரில் அந்த இடி நேராகத் திருகில் இறங்கும். 40 மி.மீ. சிலிண்டர் 100 பாரில் 1,250 கிலோவுக்கும் மேல் தள்ளும். வெல்டிங்கில் கவனிக்க வேண்டியது, கைகளை இணைக்கும் ஆணி (pin) நுழையும் துளைகள். லோடரின் இரண்டு கைகளிலும் உள்ள புஷ்களில் (துளைக்குள் வரும் உலோகக் குழல்கள்) ஒரே ஒரு நீளமான தண்டை நுழைத்து, அதை உங்கள் கையால் சுழற்றிப் பார்த்தபடி வெல்ட் புள்ளி வையுங்கள். புள்ளிக்குப் புள்ளி எதிர்ப்பக்கம் மாறுங்கள். தண்டு இறுகினால் வெல்ட் இழுக்கிறது. ஆற விட்டுத் தொடருங்கள். லோடர் கையை உயர்த்தி அடியில் வேலை பார்க்குமுன் சிலிண்டர் தண்டின் மேல் இரும்பு முட்டு மாட்டுங்கள். எண்ணெய் ஹோஸ் வெடித்தால் லோடர் கை விழுந்துவிடும்.

சரிவில் கனமான பக்கம் எப்போதும் மேட்டைப் பார்த்திருக்கட்டும். பக்கெட் நிரம்பியிருந்தால் முன்னோக்கி ஏறுங்கள், பின்னோக்கி இறங்குங்கள். காலி பக்கெட்டுக்கு இதைத் தலைகீழாக்குங்கள். இரண்டிலும் பக்கெட் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் வேண்டாம்.