ஊட்டியா, செட்டிபாளையமா? கோல்ஃப் மைதானங்களை ஒப்பிடுவதில் நடக்கும் தவறுகள்

கோயமுத்தூர்ப் பக்கம் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. இன்றைக்குச் செட்டிபாளையத்தில் ஆடிவிட்டு, நாளைக்கு மலையேறி ஊட்டியிலோ வெலிங்டனிலோ ஆடலாம். அதனாலேயே 'எதுங்க நல்ல மைதானம்?' என்ற வாக்குவாதம் ஓய்வதில்லை. ஸ்கோர் கார்டை எடுத்து மொத்த யார்டைக் காட்டி, 'இது நீளம், அதனால் இதுதான் கஷ்டம்' என்பார்கள். முதல் கோளாறு அங்கேதான்.

கோவை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 410 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும், பந்துக்குத் தடையும் குறையும். கீழே 150 யார்டு போகிற அடி மேலே 160ஐத் தொடலாம். குளிர் அதில் கொஞ்சத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும் என்பது வேறு விஷயம். மேட்டுக் கிரீனுக்கு (பந்து விழ வேண்டிய குழி இருக்கும் குட்டைப் புல்தரைக்கு) அடிக்கும்போது 3 அடி உயர ஏற்றத்துக்கு ஒரு யார்டு கூட்டிக்கொள்வது தோராயக் கணக்கு. கார்டில் இருக்கும் எண்ணில் இதெல்லாம் தெரியாது.

அடுத்தது, ஒரே தடவை ஆடிவிட்டுத் தீர்ப்பு எழுதுவது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் பந்து எம்மாத்திரம்! பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வீசும்போது மேற்கு பார்த்த பார் 4 ஹோலில் (நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஹோலில்) பந்தை இரண்டு தடவை அடித்தாலும் கிரீன் எட்டாது. ஐப்பசியில் காற்று வடகிழக்குக்கு மாறியதும் அதே ஹோல் சாதுவாகிவிடும். தன் ஸ்கோர் நன்றாக வந்த இடமே நல்ல மைதானம் என்பவரிடம் எந்த மாதம் ஆடினீர்கள் என்று கேளுங்கள்.

பங்கரை (மணல்குழியை) எண்ணி மதிப்பெண் போடுவதுதான் எனக்கு எரிச்சல் தருவது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பங்கர்கள் உண்டு. ஆனால் அதன் பெருமை அந்த எண்ணிக்கையில் இல்லை. 17வது ஹோலைப் பாருங்கள். கிரீனின் இடப்பக்க ஓரத்தில் ஆழமான ஒரே பங்கர், பின்னால் ஒரு சாலை. முதல் அடியைப் பயந்து இடப்பக்கம் தள்ளினால் ஆபத்தில்லை. ஆனால் இரண்டாவது அடிக்கு அந்தப் பங்கர் குறுக்கே நிற்கும். துணிந்து வலப்பக்க எல்லையை ஒட்டி, ஹோட்டல் வளாகத்தின் மூலைக்கு மேலே அடித்தவனுக்குக் கிரீன் நன்றாகத் திறந்து கிடக்கும். ஒரு மணல்குழி, முதல் அடியிலேயே முடிவெடுக்கவைக்கிறது. வடிவமைப்பு என்றால் அது. யாரும் போகாத மூலையில் பத்துப் பங்கர் வெட்டினால் புகைப்படத்துக்கு அழகு, பராமரிப்புக்குச் செலவு, அவ்வளவுதான்.

மைதானத்துக்குக் கொடுக்கப்படும் ஸ்லோப் என்ற எண்ணையும் பலர் தப்பாகவே படிக்கிறார்கள். 55 முதல் 155 வரை போகும் அது, 113 நடுநிலை. தேர்ந்த ஆட்டக்காரரைவிடச் சாதாரண ஆட்டக்காரர் எவ்வளவு கூடுதலாகத் திணறுவார் என்பதைத்தான் அது சொல்கிறது. தேர்ந்தவருக்கே எத்தனை அடி ஆகும் என்பதற்கு கோர்ஸ் ரேட்டிங் தனியாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதுவும் நீங்கள் ஆடுகிற டீக்கு (முதல் அடி அடிக்கும் இடத்துக்கு) உரியதை. வெள்ளை அடையாளம் வைத்த டீ எல்லா ஊரிலும் ஒரே நீளம் இல்லை. ஒரு மைதானத்தில் வீம்புக்கு ஆகப் பின்னால் இருக்கும் டீயிலிருந்தும் இன்னொன்றில் முன் டீயிலிருந்தும் ஆடிவிட்டு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லைங்க.