ஊரித் தூளில் ஒட்டுண்ணி நத்தை தேடுவது எப்படி?

பெரிய சங்கையும் சோகியையும் மற்றவர்கள் பொறுக்கட்டும். எனக்குப் பிடித்தது யூலிமிடே குடும்பம். பெரும்பாலானவை ஒரு சென்ரிமீற்றர்கூட வராது. கடலட்டை, நட்சத்திர மீன், கடல் முள்ளெலி இவற்றில் ஒட்டி, உடற்சாற்றை உறிஞ்சி வாழும் நத்தைகள்.

திருகோணமலை உப்புவெளிக் கரையில் அலை ஒதுக்கிய ஊரித் தூளை (சிறு ஓடுகளும் அவற்றின் துகளும்) ஒரு டப்பா அள்ளுங்கள். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவிட்டு, அரிதட்டால் அரியுங்கள். (சமையலறை அரிதட்டில் கை வைக்காதீர்கள். என் மனைவியிடம் நான் வாங்கிய அர்ச்சனை போதும்.) மேலே தங்கியதைக் கறுப்புத் தட்டில் பரப்பி, நகைக்கடைக்காரர் பாவிக்கும் 10 மடங்கு லென்ஸால் பாருங்கள். ஈரத் தூரிகை நுனியால் எடுங்கள், இடுக்கி நொறுக்கிவிடும்.

வெள்ளையாய், வரியில்லாமல், கண்ணாடிபோல் மினுங்கி, நுனி ஊசியாய் முடிந்தால் அநேகமாக யூலிமிடேதான். நுனி லேசாக வளைந்திருந்தால் இன்னும் நம்பலாம். குழப்புவது பிரமிடெல்லிடே என்ற இன்னொரு நத்தைக் குடும்பம். அதுவும் ஒட்டுண்ணிதான், ஆனால் சிப்பியையும் புழுவையும் குத்தி உறிஞ்சும். உச்சியைப் பாருங்கள்: அதன் குஞ்சுப் பருவச் சுருள் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். யூலிமிடேயில் அப்படி இராது.

உயிருள்ளதைக் கண்டால் பிய்க்காதீர்கள். அதன் உறிஞ்சுகுழல், அது ஒட்டியிருக்கும் பிராணியின் தோலுக்குள் இருக்கும். திருகோணமலைக்குப் பக்கத்துத் தீவான புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கே வெற்று ஓடுகூட வேண்டாம்.

அப்புறம், எடுத்த ஓடுகளைப் போட்டுவைக்கும் போத்தலுக்குள் இடமும் தேதியும் எழுதிய துண்டு போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனை மை ஊறிவிடும்.